உளுத்த கட்டைக்குக் காவல்

என் சித்தி ஒரு செத்த மரத்துக்காகத் தன் மேலாளரோடு மோதிய அன்று எனக்கு ஒன்பது வயது.

பள்ளி விடுமுறை. அம்மாவுக்கு விரி என்ற இடத்தில் கிடங்கு வேலை; இரவெல்லாம் டாக்ஸி ஓட்டிய அப்பா தூங்க வேண்டும். அதனால் ஆக்லாந்துக்கு வடக்கே பைன் காடொன்றில் வேலை செய்த சித்தி, விதியை மீறி என்னையும் கூட்டிப்போனார்.

காடு என்றதும் நிழலை எதிர்பார்த்தேன். மலைச்சரிவு முழுக்க மொட்டை. மரங்களை வெட்டி ஏற்றிப் போயிருந்தார்கள். சேற்றுக்கு நடுவே சில பட்ட மரங்கள் நின்றன. உளுத்த கட்டைகள் கிடந்தன. அவற்றில் சித்தி இளஞ்சிவப்பு நாடா கட்டியிருந்தார். புதுக் கன்று நடும்போதும் அவற்றைத் தொடக் கூடாது என்று அர்த்தம்.

"எல்லாத்தையும் வெட்டிப்போட்டு இந்தக் குப்பையை ஏன் வச்சிருக்கிறியள்?" என்று கேட்டேன்.

சித்தி ஒரு கட்டையின் பட்டையை மெல்லத் தூக்கினார். வெட்டுக்கிளிக்கு அண்ணன் மாதிரி, முள்ளுக்காலோடு ஒரு வேட்டாப் பூச்சி. சுற்றிலும் புழுக்கள், வண்டுகள், பூஞ்சணம்.

"உயிரோட நிண்டபோதுகூட இதில இவ்வளவு பேர் குடியிருந்திருக்கமாட்டினம்," என்று சொல்லிவிட்டு, அடுத்தவர் வீட்டுக் கதவைச் சாத்துவதுபோல் பட்டையை மூடினார்.

மதியத்துக்கு முன் மண் தோண்டும் இயந்திரத்தோடு மேலாளர் வந்தார். என்னை வாகனத்துக்குள் இருக்கச் சொல்லிவிட்டு சித்தி அவரிடம் போனார். சரிவு சுத்தமாக இருக்க வேண்டும், கட்டைகளையெல்லாம் வழித்துக் குவிக்க வேண்டும் என்றார் அவர். சித்தி முடியாது என்றார். மேலாளர், சித்தி பட்டையைத் தூக்கிக் காட்டிய கட்டையின் நாடாவைப் பிய்த்தெறிந்து ஓட்டுநருக்குக் கை காட்டினார். சித்தி நிதானமாக நடந்துபோய் அந்தக் கட்டையின் மேல் உட்கார்ந்தார்.

நான் கதவைத் திறந்து ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உள்ள போ."

"மாட்டன்."

சித்தி என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தன் தலைக்கவசத்தைக் கழற்றி என் தலையில் கவிழ்த்தார். அது மூக்குவரை இறங்கியது.

குழந்தை இங்கே இருப்பது ஆபத்து என்று மேலாளர் கத்தினார். ஆபத்துதான், ஆகவே இயந்திரத்தை நிறுத்துங்கள் என்றார் சித்தி. ஓட்டுநர் உடனே நிறுத்திவிட்டார். குடுவையைத் திறந்து தேநீர்கூட ஊற்றிக்கொண்டார். மேலாளர் யார் யாருக்கோ போன் செய்தார். சேற்றில் மேலும் கீழும் நடந்தார். கடைசியில் இயந்திரத்தைக் கூட்டிக்கொண்டு அடுத்த சரிவுக்குப் போனார். நான் நாடாவைத் தேடி எடுத்து, இரண்டு முடிச்சாகக் கட்டினேன்.

மாலை கிளென்ஃபீல்டில் இருந்த எங்கள் வீட்டில் வெற்றிக் கதையை நானே முந்திக்கொண்டு சொன்னேன். அம்மாவின் முகம் வெளிறியது.

"ஒரு உளுத்துப்போன கட்டைக்காகவோ?" என்றார் அப்பா.

"உளுத்தபடியாத்தான் அத்தான்," என்றார் சித்தி.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. சித்தியை வேலையைவிட்டு நீக்காமல் வெறும் கண்டிப்போடு விட்டுவிடுவார்கள் என்று அப்போது யாருக்கும் தெரியாது. சித்தியின் விசா அந்த ஒரு வேலையை நம்பியே இருந்தது என்பதும், வேலை போனால் நாட்டைவிட்டே போக வேண்டியிருக்கும் என்பதும் அங்கே எனக்கு மட்டும்தான் தெரியாது.