தலையாட்டி

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் வாசலில் பொம்மைக் கடைக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்து, “தலையாட்டி வாங்கிட்டுப் போங்கம்மா, தலையாட்டி!” என்று கூவினார். வேலணையிலும் மண்கும்பானிலும் இருந்து கடல் கடந்து யாத்திரை போன நாங்கள் இருபத்திரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டோம். கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு பொம்மையின் தலையில் விரலால் தட்டிக் காட்டினார். வர்ணம் பூசிய அந்தச் சின்னப் பொம்பிளை எங்களைப் பார்த்து, ஓம் ஓம் என்று சொல்வதுபோலத் தலையை ஆட்டினாள்.

தஞ்சாவூரில் தலையாட்டி என்றால் பொம்மை. எங்கள் தீவில் அது மனிதன். ஆமி ஊரைச் சுற்றிவளைக்கும் நாளில் எல்லோரையும் பள்ளிக்கூட வளவுக்குக் கூப்பிட்டு வரிசையில் நடக்க விடுவார்கள். வரிசை போகும் வழியில் ஒரு ஜீப் நிற்கும். அதற்குள் ஒருவனை, முகத்தைச் சாக்கால் மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை விட்டு இருத்தியிருப்பார்கள். அவன் வாய் திறக்க மாட்டான். யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். எந்த ஆமி என்று கேட்காதீர்கள். எங்கள் தீவுக்கு வராத ஆமி எது? சாக்குக்குள் இருந்தவன் யார் என்றும் கேட்காதீர்கள். முதல்நாள் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவனாகவும் இருக்கலாம்.

பிறகு சிரிப்பு வந்தது. மண்கும்பான் அக்கா ஒருவர் பேரப்பிள்ளைகளுக்கென்று இரண்டு பொம்மை வாங்கி, “இது ஆரையும் காட்டிக்குடாது, பயப்பிடாதேங்கோ” என்று எல்லோருக்கும் காட்டினார். என் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய கை சேட்டுப் பொக்கற்றுக்குப் போய், பொலித்தீன் பையில் சுற்றியிருந்த அடையாள அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தது. அந்தக் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பிக்கு இப்போது ஐம்பத்தைந்து வயது. கலியாணம் செய்யவில்லை. தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்கிறான். இருபது வயதில் அவனை அப்படி ஒரு வரிசையிலிருந்து கொண்டுபோனார்கள். நான் அவனுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். அப்போது வேலணைக் கூட்டுறவுச் சங்கக்கடையில் சீனியும் பருப்பும் நிறுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. ஜீப்பைத் தாண்டும்போது நிமிர்ந்து பார்க்கிற தைரியம் எனக்கு இருக்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது தம்பியின் இரண்டு கையையும் பின்னால் பிடித்திருந்தார்கள். ஒன்பது மாதம் கழித்து வந்தான். என்ன நடந்ததென்று அவனும் சொல்லவில்லை, கேட்கிற நெஞ்சு எங்களுக்கும் இல்லை. அன்றிலிருந்து எங்கே போனாலும் அவனை முன்னால் விட்டுத்தான் நான் பின்னால் நடப்பேன். கண்ணுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவன் யாத்திரைக்கு வரமாட்டேன் என்றுதான் சொன்னான். “எனக்கு ஏலாது அக்கா, நீங்கள் போட்டு வாங்கோ.” அம்மா அப்பாவுக்குக் காசியில் பிண்டம் போட ஆண்பிள்ளை வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அழுதும் பார்த்தேன். என் கண்ணீருக்கு அவன் எப்போதும் இளகுவான் என்று எனக்குத் தெரியும். அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று காசியில்தான் விளங்கியது.

முதல் நாட்கள் நன்றாகத்தான் போயின. சிதம்பரத்தில் கண்ணை மூடிக் கனநேரம் நின்றான். தஞ்சாவூரில் அந்தச் சொல்லைக் கேட்பதற்கு முன், கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, “இவ்வளவு பெரிய கல்லை என்னெண்டக்கா மேல ஏத்தினவங்கள்?” என்று கேட்டான். அவன் தானாக ஒரு கேள்வி கேட்டு எத்தனை வருஷம்! விடை தெரியாவிட்டாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இராமேசுவரத்தில் கடலைக் காட்டி, “அங்கால எங்கட பக்கம்” என்றான். யாத்திரை பலித்துவிட்டது என்றே நினைத்தேன். காசிக்குப் போனாலும் கருமம் தொலையாது என்று சும்மாவா சொன்னார்கள்?

காசியில் தை மாதக் குளிர். காலை எட்டு மணிக்கும் வெள்ளைப் பனிப்புகார். பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், நல்ல மனிதர். ஆனால் அவர் போட்டிருந்த தொப்பியைத்தான் எங்களால் பார்க்க முடியவில்லை. குரங்குக் குல்லா என்று அதற்குப் பெயராம். தலை, காது, கழுத்து எல்லாவற்றையும் மூடி, கண்ணுக்கு மட்டும் இடம் விட்ட கம்பளித் தொப்பி. சாக்கு நிறம். பஸ்ஸில் பேச்சு நின்றுபோனது. பொம்மை வாங்கிய அக்கா என் காதுக்குள், “கடவுளே, தொப்பியிலயும் இப்பிடி ஒரு தொப்பியோ” என்றார்.

விசுவநாதர் கோயிலுக்குப் போகும் சந்தின் வாயில் துவக்கோடு பொலிஸ் நின்றது. கைத்தொலைபேசியை உள்ளே விடமாட்டார்கள் என்று எல்லாவற்றையும் ஒரு கடைப் பெட்டியில் பூட்டிவிட்டு வந்தோம். “யாரும் பிரியாதீங்க, ஒவ்வொருத்தரா வாங்க, எண்ணிக்கறேன்” என்றார் வழிகாட்டி. குளிருக்கு இரண்டு கையையும் சால்வைக்குள் வைத்திருந்தார். அதனால் விரலால் எண்ணவில்லை. ஒவ்வொருவரும் தாண்டும்போது தலையை ஒருதரம் ஆட்டினார். குல்லாவுக்குள் இருந்து இரண்டு கண்ணும், மேலும் கீழுமாகப் போய்வருகிற தலையும் மட்டும்.

இது எண்ணுகிற கணக்கு, வேறொன்றுமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே, முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் செய்ததையே செய்தேன். தலையைக் குனிந்து நிலத்தைப் பார்த்தபடி நடந்தேன். ஈரக் கல்லும் சாணியும் என் காலும் தெரிந்தன. நிமிர்ந்தபோது எனக்கு முன்னால் தம்பி இல்லை.

“தம்பி!” என்றேன். இரண்டாந்தரம் கத்தினேன். எங்கள் ஆட்கள் ஓடிவந்தார்கள். “ஒராளைக் காணேல்லை” என்று யாரோ சொன்னார்கள். ஒராளாம்! என் உயிரல்லவா அது?

அந்தச் சந்துகளில் எவ்வளவு நேரம் ஓடினேன் என்று தெரியாது. ஒரு சந்து நாலாகப் பிரிந்தது. மாடு குறுக்கே படுத்திருந்தது. மஞ்சள் துணி போர்த்த பிரேதம் ஒன்றைத் தோளில் கொண்டு ஓடிவந்தார்கள், சுவரோடு ஒட்டி நின்றேன். யாரைக் கேட்பது? என்ன பாஷையில் கேட்பது? என் தம்பி மெலிந்த கறுவல், சாம்பல் நிறச் சேட்டு என்று தமிழில் சொல்லிச் சொல்லி அழுதேன். சந்தின் அந்தத்தில் ஆறு தெரிந்தது. அதற்குள் இறங்கியிருப்பானோ? ஊருக்குப் போய் என்ன சொல்வேன்? ஒன்பது மாதம் அம்மா வாசல் படலையைப் பார்த்துக்கொண்டு இருந்த இருப்பு ஞாபகம் வந்தது. அம்மாவுக்குப் பிண்டம் போடக் கூட்டிவந்த பிள்ளையைத் தொலைத்துவிட்டேன், அதுவும் அதே மாதிரி, அதே குனிந்த தலையோடு.

விசுவநாதர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு நான் கூப்பிட்டது நயினாதீவு அம்மனை. பயம் வந்தால் வாய் ஊர்க் கடவுளைத்தான் தேடுகிறது. “தாயே, அவனை என்ரை கண்ணிலை காட்டு, கூட்டிக்கொண்டு வந்து உன்ரை வாசலிலை விழுறன்” என்று நேர்ந்தேன்.

வழிகாட்டி குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தேடி ஓடிவந்தார். அப்போதுதான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். வெற்றிலை போட்ட சிவந்த வாய், பயந்த கண். “கிடைச்சுட்டாரும்மா, ஒண்ணும் ஆகலை, வாங்க” என்றார்.

தம்பி பொலிஸ் காவலறையில் இருந்தான். சந்தின் மறுபக்கத்தில், நாங்கள் நின்ற இடத்திலிருந்து நூறு அடி இருக்காது. உள்ளே மர வாங்கு காலியாகக் கிடந்தது. அவன் நிலத்தில் குந்தி, இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கோத்திருந்தான். முன்னால் மண் கோப்பையில் யாரோ வைத்த தேத்தண்ணி ஆடை படிந்து கிடந்தது. ஒரு பொலிஸ்காரர் அவனுடைய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எழுத்து விளங்கவில்லை. இவராகவே வந்தார், அட்டையைத் தந்தார், நிலத்தில் இருந்துவிட்டார், வாங்கில் இருக்கச் சொன்னாலும் கேட்கிறார் இல்லை, இவருக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் சொன்னதாக வழிகாட்டி சொன்னார்.

நான் பக்கத்தில் குந்தி அவனுடைய கைகளை இறக்கினேன். மரக்கட்டையாக விறைத்திருந்தன. அவன் என்னைப் பார்த்துப் பதறினான். “அக்கா, உங்களை விட்டிட்டாங்களோ?”

“என்னை ஆர் பிடிச்சது? விசர்க் கதை கதையாமல் எழும்பு” என்று ஏசினேன். எனக்குப் பயம் போனால் அந்த இடத்தில் உடனே கோபம் வந்துவிடும். அடுத்த நாள் ஆற்றங்கரையில் பிண்டம் போட்டான். நான் அவனுடைய சேட்டு நுனியைப் பிடித்தபடியே நின்றேன்.

ஊருக்கு வந்த அடுத்த கிழமை, நேர்த்திக்கடனைச் செலுத்த இரண்டு பேரும் நயினாதீவுப் படகுத்துறையான குறிகட்டுவானுக்குப் பஸ் ஏறினோம். இறங்குதுறையில் சனம் குறைவு. படகுக்கு நேரம் இருந்தது. கற்கட்டில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கேள்வியை இவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்தேன். கேட்டேன்.

“காசியிலை ஏன் என்னை விட்டிட்டாங்களோ எண்டு கேட்டனீ?”

மெதுவாகச் சொன்னான். “அந்தத் தொப்பிக்காரன் உங்களைப் பாத்துத் தலையாட்டினவன். நான் போய்ப் பொலிஸிலை இருந்தால் உங்களை விட்டிடுவாங்கள் எண்டு நினைச்சனான்.”

“அவர் எல்லாருக்கும்தானே ஆட்டினவர்?”

“ஓம். இப்ப விளங்குது.” ஒரு சின்னக் கல்லை எடுத்துக் கடலில் போட்டான். “அண்டைக்கும் அவன் எனக்கு ஆட்டேல்லை அக்கா. நான் தாண்டிப் போட்டன். நீங்கள் வரேக்கைதான் ஆட்டினவன். நீங்கள் குனிஞ்சுகொண்டு வந்தனீங்கள், காணேல்லை. ஆமிக்காரன் ஆரெண்டு தெரியாமல் ரெண்டு பேரையும் பாத்தான். நான்தான் எண்டு திரும்பி வந்து நிண்டனான்.”

ஏன் எனக்கு ஆட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். சங்கக்கடை பூட்டுகிற நேரத்தில் காட்டுப் பக்கமிருந்து வந்த இயக்கப் பெடியளுக்குச் சீனியும் பருப்பும் நிறுத்துக் கொடுத்தது இந்தக் கைதான். அதை ஒருவருக்கும் சொன்னதில்லை. தம்பிக்கும் சொன்னதில்லை. அந்த ஒன்பது மாதமும் அவனிடம் கேட்டிருப்பார்கள், அவனுக்குத் தெரியாத ஒன்றை.

முப்பத்தைந்து வருஷம் அவனை முன்னால் விட்டுக் காவல் காக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

படகு வந்து கட்டியது. சனம் எழும்பியது. பாதுகாப்பு அங்கி கொடுக்கிறவன் படகு வாசலில் நின்று, கை நிறைய அங்கிகளோடு ஆட்களை எண்ணத் தொடங்கினான். தம்பி வழக்கம்போல முன்னால் போகக் காலெடுத்து வைத்தான். அவனுடைய தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

“நீ பின்னால வா” என்றேன்.

இந்தமுறை குனியவில்லை. நிமிர்ந்து அந்த ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். அவன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, “ஒண்டு” என்றான்.