திரைக்குப் பின்னால் ஈரம்

காப்பகத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோரில் ஒருவருக்குக்கூட அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. பத்தரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காலை பத்தரை ஆனதும் கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு இரண்டு தரம் கை தட்டுவாள். பதினெட்டுப் பிள்ளைகளும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் மாதிரி கழிப்பறைக்கு நடப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையும் தன் மகன் பத்தரைக்கு எழுந்து நின்று கை தட்டுகிறான், யாராவது வந்து சட்டையைப் பிடிக்கும்வரை நகரமாட்டேன் என்கிறான் என்று ஒரு தகப்பனார் வந்து சொன்ன நாளிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மருந்துக் கடைக்கு மேலே முதல் மாடியில் காப்பகம். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சின்ன அறை. டயப்பரை விட்டவர்களுக்குப் பெரிய அறை. அக்கா பதின்மூன்று வருடமாகச் சின்ன அறையில் இருக்கிறாள். அவள் வேலையில் பாதி ஈரத்தோடுதான். துடைப்பது, அலசுவது, பிழிவது, காயப்போடுவது. அதில் அவளுக்கு அருவருப்பு கிடையாது. விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளை சட்டென்று அசையாமல் நின்றாலோ, காலோடு காலைப் பின்னிக்கொண்டாலோ, காரணமில்லாமல் வாயை மூடிக்கொண்டாலோ போதும். பக்கத்தில் இருப்பவர்கள் என்ன ஏது என்று கேட்பதற்குள் அந்தப் பிள்ளை கழிப்பறைக்குள் இருக்கும். தன் கைக்குப் பழகாத குழந்தை இன்னும் பிறக்கவில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கர்வத்தைச் சோதிக்க வந்தவள் கட்டெறும்பு. ஒரு இடத்தில் நில்லாமல் ஓடுவாள், யாராவது மறித்தால் கடித்துவிடுவாள் என்பதால் பெரிய அறை ஆசிரியை வைத்த பெயர் அது. இரண்டரை வயதிலேயே டயப்பரை விட்டவள். சின்ன அறையே அவளைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பிறகு அவளுக்கு ஒரு தம்பி பிறந்தான். அம்மா பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள். விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய மாதம் கட்டெறும்பு பெரிய அறைக்குப் போனாள். போன மூன்றாம் நாளிலிருந்து நனைக்கத் தொடங்கினாள். அதுவும் எல்லார் முன்னாலும் இல்லை. ஜன்னல் திரை தரைவரை தொங்கும். அதற்குப் பின்னால் போய் நின்று காரியத்தை முடித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

காப்பகத்து நிர்வாகி அவளை மறுபடி சின்ன அறைக்கு அனுப்பினாள். இந்த மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் அம்மாவைக் கூப்பிட்டு வேறு இடம் பார்க்கச் சொல்ல வேண்டியதுதான் என்றும் சொல்லிவைத்தாள்.

அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்லாருக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருதரம் என்றால் கட்டெறும்புக்கு அரை மணி நேரத்துக்கு ஒருதரம். கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்துவிட்டு எதிரே நிற்பாள். அந்தப் பெண் உட்கார்ந்து கூரையைப் பார்ப்பாள், குழாயைப் பார்ப்பாள், தன் கால்விரல்களை எண்ணுவாள். ஒரு சொட்டு வராது. வெளியே வந்து பத்து நிமிஷத்தில் இங்கேயும் ஜன்னல் திரைக்குக் கீழே ஈரம் ஓடி வரும். வேண்டுமென்றே செய்கிறாள் என்று அக்கா முடிவுகட்டினாள். ஒருநாள் பொறுமை விட்டுப்போய், இவ்வளவு பெரிய பெண்ணுக்கு வெட்கமில்லையா என்று எல்லார் முன்னாலும் கேட்டும்விட்டாள். கட்டெறும்பு அழவில்லை. அன்று முழுக்கத் தண்ணீரே குடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் அக்காவின் கணவர் நாய்க்குட்டியைக் கொண்டுவந்தார். அவர் பேருந்து ஓட்டுநர். பணிமனையில் அடுக்கி வைத்திருந்த பழைய டயர் ஒன்றுக்குள் சுருண்டு கிடந்ததாம். மதியச் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்துப் பழகிவிட்டு, சட்டைக்குள் வைத்து எடுத்து வந்துவிட்டார். இரண்டு மாதக் குட்டி. டயர் என்றே பெயர் வைத்தார்கள். பிள்ளைகளைப் பழக்கும் பொறுப்பு அக்காவுடையது, நாயைப் பழக்குவது தன்னுடையது என்று அவரே பிரித்துக்கொண்டார்.

டயர் வந்த முதல் நாளே கூடத்தில் நாலு குளம். அவர் செய்தித்தாளைச் சுருட்டி அதன் முதுகில் ஒன்று வைப்பார். மூக்கை ஈரத்தின் பக்கம் பிடித்துக்காட்டி அதட்டுவார். அது வாலைக் காலுக்குள் சொருகிக்கொண்டு நடுங்கும்.

"நான் வண்டிய ஓட்டிக்கிட்டே ஆறு மணி நேரம் அடக்குறேன். இது வீட்ல சும்மா படுத்துக்கிட்டு ஒரு மணி நேரம் அடக்காதா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான் என்று அக்காவுக்கும் பட்டது. சிரித்துக்கொண்டே துடைத்தாள்.

பத்து நாளில் கூடம் காய்ந்துவிட்டது. அவர் பணிமனையில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார். ஒரே ஒரு குறை. காலையில் தெருவில் அரை மணி நேரம் நடத்திக்கொண்டு போனாலும் டயர் ஒன்றும் செய்யாது. கம்பத்தை மோந்து பார்க்கும், அவரை நிமிர்ந்து பார்க்கும், பேசாமல் நடக்கும். அதற்கு அவசரமே வருவதில்லை போலிருக்கிறது என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். பிறகு வீட்டில் ஒரு வாடை கிளம்பியது. சாக்கடையா, சமையலறைத் துணியா என்று இரண்டு நாள் தேடினார்கள். ஞாயிற்றுக்கிழமை பீரோவை நகர்த்தினால், அதற்கும் சுவருக்கும் நடுவே தரை முழுக்க மஞ்சள் படிந்திருந்தது. பத்து நாள் கணக்கும் அங்கேதான் இருந்தது.

மறுநாள் குட்டிக்குத் தடுப்பூசி. இருவருமாகக் கொண்டுபோனார்கள். கால்நடை மருத்துவர் வயதில் சின்னப் பெண். கணவர் நடந்ததையெல்லாம் புகாராகச் சொன்னார். அவள் டயரின் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். இந்த வயதுக் குட்டியால் இரண்டு மணி நேரம், மிஞ்சினால் மூன்று மணி நேரம்தான் தாங்க முடியும், அடக்கும் தசைக்கே இன்னும் பலம் வரவில்லை என்றாள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கொண்டுபோங்கள், ஒன்றுக்குப் போனதும் அந்த இடத்திலேயே கொஞ்சுங்கள், வீட்டுக்குள்ளேயே போய்விட்டால் பேசாமல் துடையுங்கள் என்றாள்.

"அப்ப பீரோவுக்குப் பின்னாடி போறது திமிரு இல்லையா?" என்றார் கணவர்.

"வீட்டுக்குள்ள போகக் கூடாதுன்னு அது கத்துக்கலைங்க. நீங்க பாக்கும்போது போகக் கூடாதுன்னு கத்துக்கிட்டிருக்கு. அதான் தெருவுலயும் உங்க முன்னாடி போக மாட்டேங்குது."

திரும்பி வரும்போது கணவர் ஏதேதோ பேசினார். அக்காவின் கண் முன்னால் தரைவரை தொங்கும் ஒரு திரை ஆடிக்கொண்டிருந்தது. எதிரே நின்று முறைத்துக்கொண்டிருந்த தன் உருவமும் தெரிந்தது.

அவளை உறுத்தியது கட்டெறும்பு மட்டும் இல்லை. அவளுக்கு ஒரே மகன். வேறு ஊரில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறான். காப்பகத்தில் சேர்வதற்கு முன்னால், அவளுக்கே இருபது வயதாக இருந்தபோது, ஒன்றரை வயதில் அவனை அடித்துப் பழக்கினாள். ஏழு வயதுவரை அவன் பாயை நனைத்தான். அன்று மாலை அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டு, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று சுற்றி வளைத்து, கடைசியில் அதைக் கேட்டாள். அடித்தது ஞாபகம் இருக்கிறதா என்று.

அவன் சிரித்தான். "அடிச்சதெல்லாம் ஞாபகம் இல்லம்மா. காலைல போர்வைக்குள்ள கைய விட்டுத் தடவிப் பாப்பியே, அது ஞாபகம் இருக்கு. நான் முழிச்சுக்கிட்டுதான் இருப்பேன். தூங்குற மாதிரி கண்ண மூடிக்குவேன்."

பிறகு அவனே, இப்போது எதற்கு அதெல்லாம் என்று பேச்சை மாற்றி, டயரின் படம் அனுப்பச் சொன்னான். அவள் அனுப்பினாள். அனுப்பிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

அடுத்த நாள் முதல் அக்கா கட்டெறும்பை அரை மணி நேரத்துக்கு ஒருதரம் இழுத்துக்கொண்டு போவதை நிறுத்தினாள். மற்ற பிள்ளைகளோடு கூட்டிப்போவாள். உட்காரவைத்துக் காலுக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி போடுவாள். கதவைப் பாதி சாத்திவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே உட்கார்ந்து துணி மடிப்பாள். திரைக்குக் கீழே ஈரம் வந்தால் துடைத்துவிட்டு வேறு ஜட்டி எடுத்துக்கொடுப்பாள். வாயைத் திறக்கமாட்டாள். பதின்மூன்று வருடத்தில் அவள் செய்ததிலேயே கடினமான வேலை அதுதான்.

ஆடை மாற்றும்போது இன்னொன்றும் கையில் தட்டுப்பட்டது. சின்ன வயிறு கல் மாதிரி இருந்தது. மதியச் சாப்பாட்டில் பாதி மிச்சம். சாயந்திரம் அம்மா வந்ததும் அவளைப் படிக்கட்டுப் பக்கம் தனியாக அழைத்துப்போய், குழந்தை ஒழுங்காக ரெண்டுக்குப் போகிறாளா என்று கேட்டாள். நாலு நாளைக்கு ஒருதரம், அழுதுகொண்டே போவாள் என்றாள் அம்மா. நனைக்கிறாளே என்று தண்ணீரையும் குறைத்துவிட்டாளாம். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை போலும்.

"தம்பி பொறந்ததுலேர்ந்து நான் அவகிட்ட பேசுற ஒரே பேச்சு, ஒண்ணுக்குப் போனியாங்கறதுதான்கா," என்றாள் அம்மா.

குழந்தை மருத்துவரிடம் காட்டச் சொன்னாள் அக்கா. காட்டினார்கள். மலம் கட்டிக்கொண்டு மூத்திரப்பையை நெருக்குகிறது, அதனால்தான் அவசரம் கடைசி நிமிஷத்தில் தெரிகிறது, பிடிவாதமும் இல்லை ஒன்றும் இல்லை என்றார் மருத்துவர். மருந்து கொடுத்தார். தண்ணீரும் பழமும் நிறையக் கொடுக்கச் சொன்னார். சில வாரம் ஆகும், அவசரப்படுத்தாதீர்கள் என்றார்.

வீட்டில் டயருக்கும் புதுச் சட்டம் வந்தது. செய்தித்தாள் படிப்பதற்கு மட்டும். பீரோவுக்குப் பின்னால் வாடை போகும்வரை வினிகர் ஊற்றித் தேய்த்தார்கள். கணவருக்குக் காலை வண்டி இருந்தால் மதியம் அவரும், அவருக்கு மதிய வண்டி இருந்தால் இடைவேளையில் ஓடி வந்து அவளும் குட்டியை வெளியே கொண்டுபோனார்கள். முதலில் அது நம்பவே இல்லை. அவர் வேலி ஓரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு, யாரோ மாதிரி நிற்பார். ஆறாம் நாள் காலை அது இரண்டு சுற்றுச் சுற்றி, அவர் செருப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து போனது. சட்டைப் பையில் இருந்த பிஸ்கட்டை அங்கேயே உடைத்துக் கொடுத்துவிட்டு, உள்ளே ஓடி வந்து, பரீட்சையில் மகன் தேறிய கணக்காக அக்காவிடம் சொன்னார். அன்று அவர் ஓட்டிய வண்டி எல்லா நிறுத்தத்திலும் இரண்டு நிமிஷம் முன்னதாகவே போய் நின்றதாம்.

மாதக் கடைசியும் வந்தது. நிர்வாகி நோட்டுப் புத்தகத்தோடு சின்ன அறை வாசலில் நின்றிருந்தாள். அக்கா தரையில் உட்கார்ந்து ஒரு குழந்தைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து யாரோ தோளைத் தட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் கட்டெறும்பு. கவுன் நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, நனஞ்சிடுச்சு."

நிர்வாகி பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்தாள். அக்கா கட்டெறும்பின் ஈரத்தையும் பார்க்காமல் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"வந்து சொன்னியே, அது போதும். வா, மாத்திக்கலாம்."

உடை மாற்றிவிட்டு வந்து நிர்வாகியிடம், இன்று எழுத வேண்டாம் என்றாள். இத்தனை நாள் ஒளிந்துகொண்டவள் இன்று தானாக வந்து சொல்லியிருக்கிறாள், அடுத்த தரம் நனைவதற்கு முன்னாலேயே வந்து சொல்வாள், இன்னும் ஒரு மாதம் கொடுங்கள் என்று கேட்டாள். நிர்வாகிக்கு முழுதாக விளங்கவில்லை. ஆனாலும் பத்தரை அக்கா இதுவரை எதற்கும் தவணை கேட்டதில்லை. பேனாவை மூடினாள்.

அடுத்த தரமே என்று சொல்ல முடியாது. ஐந்தாறு தரம் ஆயிற்று. ஒருநாள் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த கட்டெறும்பு எழுந்து, வருது என்று பொதுவாக அறைக்கு அறிவித்துவிட்டு ஓடினாள். அக்கா எழுந்திருக்கவில்லை. துணி மடித்துக்கொண்டே காதைத் தீட்டிக் கேட்டாள். கேட்க வேண்டிய சத்தம் கேட்டது. ஆறு வாரம் கழித்து அவள் பெரிய அறைக்குப் போனாள். அதற்குப் பிறகும் எப்போதாவது நனையும். பெரிய அறை ஆசிரியையிடம் மாற்று ஜட்டி இரண்டு கொடுத்துவைத்திருந்தாள் அக்கா. வருஷ முடிவில் அவை மடித்த மடிப்போடு திரும்பி வந்தன.

கட்டெறும்பின் தம்பிக்கு ஒன்றரை வயதானதும் அவனும் காப்பகத்துக்கு வந்தான். முதல் நாள் அம்மாவே அவனைத் தூக்கிக்கொண்டு சின்ன அறைக்கு வந்து பத்தரை அக்காவிடம் கொடுத்தாள். கூடவே கட்டெறும்பும் வந்தாள். இவனை எப்போது பழக்கத் தொடங்கலாம் என்று அம்மா கேட்டாள். முன்பு என்றால் அக்கா நாளைக்கே என்றிருப்பாள். நனைஞ்சது அவனுக்கே பிடிக்காமப் போகட்டும், அப்பறம் பாத்துக்கலாம் என்றாள்.

கட்டெறும்புக்கு அந்தப் பதில் போதவில்லை. பெரிய மனுஷிபோல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இவனுக்குச் சொல்லத் தெரியாதுக்கா. மூஞ்சி மட்டும் இப்படி ஆகும்," என்று கண்ணை உருட்டி, உதட்டை இறுக்கிச் செய்து காட்டினாள். "அப்ப தூக்கிட்டு ஓடுங்க."

தம்பி அப்போது சரியாக அந்த மூஞ்சியோடுதான் அக்காவின் இடுப்பில் இருந்தான். மூவரும் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். யாரும் ஓடவில்லை.