பரங்கிப் பிஞ்சும் என் ஆள்காட்டி விரலும்

ஜெயித்துவிட்டேன்! போன ஞாயிற்றுக்கிழமை கீரனூரில் என் மதினி தன் வாயாலேயே, "தப்பு உங்க மேல இல்லை தம்பி" என்று சொல்லிவிட்டார். இதற்கு நான் பட்ட பாடு இருக்கிறதே...

பரங்கிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் வெம்பிப் போகும் என்பார்கள் நம் பக்கத்தில். உங்களுக்குத் தெரியாததா? போன மாதம் அண்ணன் தோட்டத்தில் நான் மறந்துபோய், "அடேயப்பா, எத்தனை பிஞ்சு!" என்று விரலை நீட்டித் தொலைத்தேன். பத்தே நாளில் அத்தனையும் மஞ்சளாகி உதிர்ந்தன.

"இனிமே தோட்டத்துப் பக்கம் கால் வைக்காதீங்க!" என்றார் மதினி. அதோடு பேச்சும் நின்றது. பள்ளிக்கூடம் போகிற காலத்தில் எனக்குச் சோறு கட்டிக் கொடுத்த மதினி அவர். அந்த வீட்டில் நான் அந்நியனா? மனசு ஆறவேயில்லை.

அப்புறம் ஆபீஸ் வேலையாகக் குடுமியான்மலைப் பக்கம் போனேன். அங்கேயும் அதே மழை, அதே மண். ஆனால் கொடிக்குக் கொடி காய்! தோட்டத்தைச் சுற்றிப் புதர்க்காடு. பூவுக்குப் பூ தேனீ, வண்டு. ஆலங்குடிப் பக்கம் காட்டை அழித்துக் கடலை போட்ட இடத்திலோ — கம்பளிப்பூச்சிதான் ராஜா. மழை கூப்பிட்டால் பூச்சி வரும், சரி. எந்தப் பூச்சி தங்கும் என்பது நாம் எதை வெட்டினோம், எதை விட்டுவைத்தோம் என்பதில் அல்லவா இருக்கிறது?

அண்ணன் எதை வெட்டினார்? யுத்த காலம், பெட்ரோலுக்குப் பஞ்சம், பஸ்ஸெல்லாம் கரியில் ஓடுகிறது. அந்தக் கரிக்காக வேலியோரப் புதரையெல்லாம் வெட்டி மூட்டம் போட்டுவிட்டார். தேனீ குடியிருந்த இடமே போச்சு! அந்தக் கரி பஸ்ஸில் ஏறித்தான் நானும் கீரனூர் போகிறேன் — அதை ஏன் கேட்கிறீர்கள்.

தேனீ இல்லாமல்தான் பிஞ்சு உதிர்ந்தது என்று நானே வலியப் போய் மதினியிடம் சொன்னேன். "ஈ வந்து உக்காந்தாத்தான் காய் பிடிக்குமாக்கும்? நல்லாருக்கு கதை!" என்றார்.

மறுநாள் விடிந்ததும் தடையை மீறித் தோட்டத்தில் இறங்கினேன். ஆண் பூவைப் பறித்து, அதன் பொடியை ஐந்து பெண் பூக்களில் தடவினேன். தேனீ உத்தியோகம்! பிறகு மதினி கண்ணெதிரே ஐந்தையும் பார்த்து வேண்டுமென்றே விரலை நீட்டினேன்.

"அய்யய்யோ, என்ன காரியம் பண்றீங்க!"

"வெம்பிப் போச்சுன்னா இந்த வாசலையே மிதிக்கமாட்டேன் மதினி."

சொல்லிவிட்டேனே தவிர, எட்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. ஞாயிறன்று போய்ப் பார்த்தால்... ஐந்தும் தேங்காய்ப் பருமன்! நான் துள்ளிக் குதிக்காத குறைதான்.

மதினி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். என்னிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார். அப்படியே அண்ணன் பக்கம் திரும்பினார். "கரி, கரின்னு எல்லாத்தையும் வெட்டிப்புட்டு, பாவம், தம்பியத் திட்ட விட்டுட்டீங்களே!"

எனக்கு அன்றைக்குக் கோழிக்குழம்பு.

வேலியோரம் வெட்டிய கட்டைகள் இப்போது துளிர்விட்டிருக்கின்றன. அண்ணனின் அரிவாளைத்தான் நாலு நாளாகக் காணோமாம். எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்... மதினிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.