துவக்குக்குப் பூட்டிய கால்

தொண்ணூறுகளில், புலம்பெயர்ந்து வந்த விட்பி நகரில் குறிபார்த்துச் சுடும் கிளப் ஒன்றில் சேர்ந்திருந்தேன். தொழிற்சாலை வேலையில் இடது மணிக்கட்டு நோகத் தொடங்கியதால், துவக்கைத் தாங்கும் இரண்டு கால் பைபொட் வாங்கப் போனேன். காரில் கூட்டிவந்த அத்தான் கடை வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

"துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். உனக்கு உது தேவையோ? ஆக்கள் என்ன கதைப்பினம்?"

கடைக்காரர் நீளக் கால் உள்ளதைக் காட்டினார். நானோ படுத்துச் சுடுகிறவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிற நான், குளிர்ச்சட்டையோடு கடைத்தரையில் குப்புறப் படுத்து, நீளம், குட்டை இரண்டு அளவையும் வைத்துப் பார்த்தேன். குட்டைக் கால்தான் தோளுக்குச் சரிவந்தது.

"எழும்பு பிள்ளை, எல்லாரும் பார்க்கினம்!"

"பார்க்கட்டும் அத்தான். நான் கடதாசிக்குத்தானே சுடுறன், ஆக்களுக்கில்லையே."

அன்று பின்னேரமே குசினி மேசையில், அவர் பார்த்திருக்க, துவக்கின் தோள்வார் கொளுவும் முன்குமிழில் வாங்கிவந்த பைபொட்டைப் பூட்டி, ஆட்டம் நிற்கும்வரை திருகாணியை இறுக்கினேன்.