பதினாலாம் நம்பர் பஞ்ச்

திருச்செங்கோட்டில் போர்வெல் லாரிக்குக் காற்றுத் தொட்டி செய்த பெரிய கம்பெனியில், சின்னண்ணன் சோதனைக்காரன். தொட்டியில் தண்ணீரை நிரப்பி பிரஷர் ஏற்றுவான்; கசியாவிட்டால் தன் நம்பர் செதுக்கிய இரும்பு முளையை, அதாவது பஞ்சை, தகட்டில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. பதினாலு. அந்த நம்பர் இல்லாத தொட்டியை வாங்க நாதி கிடையாது. பதினோரு வருஷமாக அவன் நம்பர் போட்ட தொட்டி ஒன்றுகூட வாய் பிளந்ததில்லை.

எண்பத்து மூன்றில் மானேஜர் சுவாமிநாதன் மெல்லிசான தகட்டை இறக்கினார். பன்னிரண்டு தொட்டிகள். எல்லாவற்றிலும் பற்றவைத்த இடம் பொட்டுப்பொட்டாகக் கசிந்தது.

"நம்பரை அடிச்சுப் போடப்பா. லாரி காத்திருக்குது."

"முடியாதுங்க. நாளைக்கு வெடிச்சா சாகறவன் நானா, நீங்களா?"

சொன்னதோடு விட்டானா? தகட்டை மாற்றச் சொல்லி மனு எழுதி, முப்பது பேரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டான். தொட்டி போகாவிட்டால் ஒரு ஷிஃப்டை மூடுவேன் என்றார் மானேஜர். மறுநாளே முப்பது பேரும் வரிசையில் நின்று தங்கள் பெயரை அடித்துவிட்டு வந்தார்கள். அதில் முதல் ஆள், அவனோடு ஒரே தட்டில் தின்ற சென்னியப்பன்.

"நான் புள்ளகுட்டிக்காரன்டா. என்னைய இழுக்காதே."

அன்றிலிருந்து சின்னண்ணன் பஞ்சை மடியில் முடிந்துகொண்டே திரிந்தான். தூங்கும்போதும் மடியில்தான்.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் ஸ்பேனர் முதல் சுத்தியல் வரை கழுவி, சந்தனம் பூசி, சாமி படத்தின் முன் பரப்பினார்கள். வைத்ததை மறுநாள் பூஜை முடியும் வரை எவனும் தொடமாட்டான். கொலைகாரனும் தொடமாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சின்னண்ணன் தயங்கினான். அவன் பெண்சாதி கண்ணாத்தாள்தான் வீட்டில் சொல்லியனுப்பியிருந்தாள்:

"சோறு போடற ஆயுதத்தை மடியிலயே வெச்சிருந்தா சாமி குத்தம் ஆயிருமுங்க."

அவனும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாமியை நம்பி வைத்துவிட்டு வந்தான். பாவி, அதுதான் அவன் செய்த ஒரே தப்பு.

விடிந்து போனபோது பஞ்ச் வைத்த இடத்திலேயே இருந்தது. ஆனால் குங்குமம் அழிந்து, புதிதாக ஒரு பொட்டு. முற்றத்தில் பன்னிரண்டு தொட்டிகளும் இல்லை.

"சாமிக்கு வெச்சதை யாருடா எடுத்தது?" என்று கத்தினான். முப்பது பேரும் பொரி வாங்க நகர்ந்தார்கள். சென்னியப்பன் மட்டும் தன் சுத்தியலைத் திருப்பித் திருப்பித் துடைத்துக்கொண்டிருந்தான். நடந்ததை எழுதி, தொழிற்சாலைகளைப் பார்க்கும் சேலத்து அதிகாரிக்குச் சின்னண்ணன் மூன்று கடிதம் போட்டான், பதில் இல்லை. வேலையிலிருந்து நீக்கிய கடிதம்தான் வந்தது.

தை மாதம் கெங்கவல்லிப் பக்கம் ஒரு தொட்டி வெடித்தது. லாரியில் நின்ற இரண்டு பேரைத் துணியில் கூட்டி அள்ளினார்கள். சிதறிய தகட்டில் பதினாலு மட்டும் தெளிவாக இருந்தது.

கோர்ட்டில் சின்னண்ணனை நிறுத்தி, பஞ்சைக் காட்டிக் கேட்டார்கள், இது உன்னுடையதா என்று. இல்லையென்று சொல்லு, தப்பிக்கலாம் என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"என்னுதுதானுங்க. ஆனா நான் அடிக்கலீங்க."

சென்னியப்பனைக் கூண்டில் ஏற்றினார்கள். "பதினாலாம் நம்பரைச் சின்னண்ணனைத் தவிர வேற யாரும் தொடமாட்டாங்க சாமி" என்றான் அவன். சின்னண்ணனுக்கு இரண்டு வருஷம் ஜெயில் போட்டார்கள்.

போலீஸ் வேனில் ஏறப்போகும்போது ஒரு கிழவி குறுக்கே வந்தாள். செத்தவர்களில் ஒருவனின் தாய் மயிலம்மாள். அடிக்க வருகிறாள் என்றுதான் அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"ஏம்பா, அந்த ஒரு தட்டு மட்டும் நீ தட்ட மாட்டேன்னு சொல்லியிருந்தா, எம் புள்ள இருந்திருப்பானேப்பா?"