தெல்தெனியக் குகையில் விளக்கு அணைந்தபோது

காலை எட்டேகாலுக்குக் கண்டியில் பஸ் ஏறினேன். திகன வழியாகத் தெல்தெனிய இருபது கிலோமீற்றருக்குச் சற்று மேல். கட்டணம் நூற்று முப்பது ரூபாய். மூன்று நாளாக விட்டுவிட்டுத் தூறல். திகனப் பக்கத்து மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. அதை ஏற்றிவரும் லொறிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டே பஸ் நகர்ந்தது. அதே கல்லை நீர் அரித்து உண்டான குகை ஒன்று விக்டோரியா நீர்த்தேக்கத்தின் மறுகரையில் இருக்கிறது. தரைவழி கிடையாது, படகில்தான் போக வேண்டும்.

பத்து மணிக்குப் படகு கிளம்பியது. ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். படகோட்டியும் வழிகாட்டியும் ஒருவரே, சிவகுமார். பயணிகள் ஏழு பேர்: பேராதனையில் படிக்கும் மாணவர்கள் நால்வர், நான், கம்பளையிலிருந்து வந்த நிஸ்தார், அவர் மனைவி ராஹிலா. நிஸ்தார் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தவர். அவர் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது. மருந்து இல்லை. பார்க்க ஆசைப்பட்டதை இப்போதே பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். குகையைத் தேர்ந்தெடுத்தவர் ராஹிலா. போனில் பார்த்த வீடியோவில் அது கல்யாண வீடுபோல் ஜொலித்ததாம்.

"கடைல ஒரு ஆணி விழுந்தாலும் காணுவார். நான் புதுச் சாரி உடுத்தா மட்டும் காணமாட்டார்" என்று எங்களிடம் முறையிட்டார்.

"அந்தச் சாரிட விலையக் கேட்டுத்தான் கண்ணே மங்கினது" என்றார் நிஸ்தார். மாணவர்கள் சிரித்தார்கள். ராஹிலா சிரிக்கவில்லை.

தண்ணீர் சாம்பல் நிறமாக இருந்தது. அணை கட்டியபோது மூழ்கிப்போன பழைய தெல்தெனிய ஊர் இதற்கடியில்தான் கிடக்கிறது. சிவகுமார் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

பத்தே முக்காலுக்குக் குகை வாசலில் இறங்கினோம். உள்ளே மண்டபம் போல் விரிந்த இடம். கூரையிலிருந்து கல் விழுதுகள் ஆளுயரத்துக்குத் தொங்கின. ஒரு சுவர் முழுவதும் மடித்துத் தொங்கவிட்ட திரைபோல் இருந்தது; அதன் மேல் நீர் வழிந்துகொண்டேயிருந்தது. ஆனால் வெளிச்சம் போதவில்லை. பெரிய விளக்குகளைப் போன வருடம் கழற்றிவிட்டதாகச் சிவகுமார் சொன்னார். அந்த வெளிச்சத்தில் கல்லில் பச்சைப் பாசி பிடித்ததாம். இப்போது எரிவது சின்ன மஞ்சள் பல்புகள். வீடியோ அதற்கு முன்பு எடுத்ததாக இருக்க வேண்டும்.

ராஹிலா கணவரின் கையைப் பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டினார். நிஸ்தார் தலையசைத்து, நல்ல அழகு, நல்ல அழகு என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

கடைசி மண்டபத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, சிவகுமார் சுவரிலுள்ள சுவிட்சை அணைப்பார். உண்மையான இருட்டை யாரும் வீட்டில் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அணைத்தார். என் கையை முகத்தருகே கொண்டுவந்தேன், தெரியவில்லை. மாணவர்களில் ஒருவன் வேண்டுமென்றே இருமினான். பிறகு பல்புகள் எரிந்தன.

எல்லாரும் நகரத் தொடங்கினார்கள். நிஸ்தார் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். முகத்தில் இன்னும் காத்திருக்கும் புன்னகை.

"இன்னும் லைட் போடல்லயா?" என்றார்.

ராஹிலா பல்பைப் பார்த்தார், பிறகு எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார்.

"இல்ல" என்றார். "கரண்ட் போயிட்டு போல."

சிவகுமார் சுவிட்சை மறுபடி அணைத்தார். "கரண்டு போயிருச்சுங்க. டார்ச் அடிக்கிறேன், மெதுவா வாங்க" என்றார். அந்த ஒற்றை வெளிச்சத்தில் ஏழு பேரும் வரிசையாக வெளியே வந்தோம். வாசலில் பகல் தெரிந்ததும் நிஸ்தாரின் நடை வேகம் பிடித்தது.

திரும்பும்போது ராஹிலா படகின் முன்பக்கம் போய் உட்கார்ந்து, முதுகைக் காட்டியபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இஞ்சின் சத்தத்தில் நிஸ்தார் என் காதருகே குனிந்தார்.

"கரண்ட் போயிருந்தா ஆராவது கத்தீப்பாங்க, தம்பி. ஒருத்தரும் கத்தல்ல."

நான் முன்பக்கம் ராஹிலாவைப் பார்த்தேன்.

"அவட்ட சொல்ல வாணாம்" என்றார்.

ஒரு மணியளவில் தெல்தெனிய பஸ் நிலையத்தில் பிளேன்டீ குடித்தோம். இவ்வளவு தூரம் வந்தும் கரண்ட் சதி செய்துவிட்டதே என்று ராஹிலா வருத்தப்பட்டார், குரலில் தடுமாற்றமில்லாமல். நிஸ்தார் கோப்பையை மேசையில் வைக்கும் முன் விளிம்பை விரலால் தேடிக்கொண்டார்.

"அது போக முந்தியே எல்லாம் பாத்தேனே. அது போதும்."

கண்டி பஸ்ஸில் அவர்கள் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள். குகையில் எடுத்த படங்களைப் போனில் பார்த்தேன். கமரா தானாகவே வெளிச்சம் கூட்டியிருந்தது. கல்லும் நீரும் பளிச்சென்று தெரிந்தன. அவர்களிடம் காட்டலாமென்று கையை நீட்டினேன். ராஹிலா கணவரின் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். நிஸ்தார் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். நான் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.