புதருக்குள்ளிருந்து கூப்பிட்ட பறவை

அந்த எஸ்டேட்டுக்கு வருகிறவர்கள் பறவைச் சத்தம் கேட்கத்தான் வருகிறார்கள். விளம்பரத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அங்கே பறவை கிடையாது என்பது வேறு விஷயம். புல்வெளிக்காக முதலாளி பாதி மரங்களை வெட்டிச் சாய்த்தார். விருந்தாளிகள் உட்காரும் விரிப்பில் எறும்பு ஏறக் கூடாது என்று மீதி இடத்துக்கெல்லாம் மருந்தடித்தார். பூச்சி செத்தது, பறவைகளும் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டன. முதலாளி இதற்கெல்லாம் அசருகிற ஆளா என்ன? தோட்ட வேலைக்காரன் ஒருவனுக்கு நன்றாகச் சீட்டியடிக்க வரும் என்று காதில் விழுந்ததும், அவன் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி வைத்துவிட்டு அவனைப் புதருக்குள் உட்கார வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து அவனுக்கு விசில் என்று பெயர். அவன் பெண்டாட்டியைக் கூடைக்காரி என்பார்கள். சமையலறையிலிருந்து கூடையைச் சுமந்துபோய், புல்வெளியின் கோடியில் கட்டம்போட்ட துணியை விரித்து, ரொட்டியும் பழமும் கேக்கும் எடுத்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சிரித்த முகமாக ஓரத்தில் நிற்பது அவள் வேலை. அதற்கு முன்பு சலவைக்கடையில் இஸ்திரி போட்டவள். நின்று நின்றே இடுப்பு விட்டுப்போனது இரண்டு வேலையிலும்தான் என்பாள். வாய் கொஞ்சம் நீளம். சமையல்காரரே அவளிடம் அளந்துதான் பேசுவார். ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் இருவருக்கும் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். சுவர் நாள் முழுக்க அதிரும். ஆனாலும் வாடகை இல்லாத கூரை. அதை விட்டால் போக்கிடம் கிடையாது.

விருந்தாளிகளுக்காக விசில் விதவிதமாகக் கூவுவான். அதிலெல்லாம் சேராத ஒன்று அவனிடம் இருந்தது. குட்டையாக இரண்டு, இழுத்து ஒன்று. எந்தப் பறவையும் அப்படிக் கூவாது. 'கொஞ்சம் வாயேன்' என்று பெண்டாட்டியைக் கூப்பிடுவதற்காகவே அவன் செய்துகொண்டது. குளிக்கப் போன இடத்தில் துண்டை மறந்துவிட்டால் அதைத்தான் அடிப்பான்.

"நான் என்ன நாய்க்குட்டியா, சீட்டியடிச்சதும் ஓடி வர?" என்று கேட்டுக்கொண்டே ஓடுவாள்.

இந்தக் குறும்பை ஒருநாள் புதருக்குள் இருந்துகொண்டும் செய்தான். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. புதர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். அவள் பார்வை போன பக்கமே ஒரு விருந்தாளி எட்டிப் பார்த்தார். உள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு ஆம்பிளைப் பறவை உட்கார்ந்திருந்தது. எங்கள் காதில் பூ சுற்றுகிறீர்களா என்று ஒரே ரகளை. வந்த கூட்டம் அன்றைக்கே காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

முதலாளி கத்தவில்லை. "இன்னொரு தடவ அவன் யார் கண்ணுலயாவது பட்டான்னா, ரெண்டு பேரும் ரூமைக் காலி பண்ணிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

இனி என்ன ஆனாலும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை என்று கூடைக்காரி முடிவு செய்தாள். அவனுக்கும் வீட்டில் நல்ல மண்டகப்படி கிடைத்தது.

அடுத்த கூட்டம் வந்தது. அகலத் தொப்பி வைத்த ஒரு அம்மாள் எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் போனில் பதிவு செய்துகொண்டிருந்தார். மேனேஜர் அவர்களை இயற்கை நடை என்று கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டிவிட்டு விரிப்பில் கொண்டுவந்து உட்கார வைத்தார். கூடைக்காரி கேக்கை வெட்டிக்கொண்டிருந்தபோது புதரிலிருந்து கேட்டது. குட்டையாக இரண்டு, இழுத்து ஒன்று.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டும் புத்தி வரவில்லையே இந்த மனுஷனுக்கு, வீட்டுக்கு வரட்டும் என்று பல்லைக் கடித்தபடி வெட்டினாள்.

"இது என்ன பறவைங்க?" என்றார் தொப்பி அம்மாள்.

மேனேஜர் கண்ணை இமைக்கவில்லை. "ரொம்ப அபூர்வமானதுங்க. துணையைத் தேடும்போது மட்டுந்தான் இப்படிக் கூப்பிடும்."

அம்மாள் போனை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். அது மறுபடியும் கூப்பிட்டது. ஆளாளுக்குக் கை தட்டினார்கள். மூன்றாவது தடவை குட்டையாக இரண்டு வந்தது. இழுப்பு வரவில்லை, வெறும் காற்றுத்தான் வந்தது.

"பாவம், களைச்சுப் போச்சு" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த முகம் வேலையில் சேர்த்தி என்பதால் அவளும் சிரித்தாள்.

ஆனால் அவன் அந்த இழுப்பை ஒருநாளும் பாதியில் விட்டவனில்லை. அவள் புதர்ப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாள். மேனேஜர் பார்த்தார், அவ்வளவுதான். அறை ஞாபகம் வந்தது. அடி எடுத்து வைத்த காலைத் திருப்பி, கண்ணாடித் தம்ளர்களில் பழச்சாறு ஊற்றினாள். இன்னும் கொஞ்சம் கேக் கேட்டவருக்குக் கேக் வைத்தாள்.

அவர்கள் எஸ்டேட் குளத்தில் படகு விடப் போன பிறகுதான் ஓடினாள். முழங்காலுக்குக் கீழே துண்டை இறுகக் கட்டிக்கொண்டு சாய்ந்து கிடந்தான். கணுக்காலில் பாம்பின் பல் பட்டு வீங்கியிருந்தது. மூச்சு இருந்தது. வாசல் வழியாகத் தூக்கிப்போனால் விருந்தாளிகள் பார்ப்பார்கள் என்று மேனேஜர் வண்டியைப் பின் கேட்டுக்கு வரச் சொன்னார். அது எஸ்டேட்டையே சுற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது அவன் இல்லை.

"வாயைத் தொறந்து கத்தியிருக்கலாமே" என்று சமையலறையில் எல்லாரும் மாய்ந்து போனார்கள். ஏன் கத்தவில்லை என்று அவளுக்குத் தெரியும். கத்தினால் கூட்டமே வரும், அறை போய்விடும். சீட்டியடித்தால் அவள் மட்டும் வருவாள். வருவாள் என்று நம்பியிருக்கிறான்.

தொப்பி அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல மனசோடு நன்றி சொல்லி அந்தப் பதிவை எஸ்டேட்டுக்கு அனுப்பி வைத்தார். முதலாளி கேட்டுவிட்டு ஒரு ஸ்பீக்கர் வாங்கிப் புதருக்குள் வைக்கச் சொன்னார். மூன்றாவது கூவல் சரியில்லை என்று அதை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

முதலாளி அவளைக் கூப்பிட்டு, "நீ பாட்டுக்கு ரூம்ல இருந்துக்கோ. இந்த ஸ்பீக்கரையும் கொஞ்சம் பாத்துக்கோ" என்றார்.

"சரிங்கய்யா" என்றாள். வேறு என்ன சொல்வாள்?

இப்போதும் கட்டம்போட்ட துணியை விரிக்கிறாள். புதரிலிருந்து அவன் அவளைக் கூப்பிடுகிறான். விருந்தாளிகள் என்ன பறவை என்று கேட்கிறார்கள், மேனேஜர் சொல்கிறார். அவள் சிரித்த முகமாக நின்று பழச்சாறு ஊற்றுகிறாள். எல்லாரும் எழுந்து போனதும் மேனேஜர் தலையாட்டுவார். அதற்கப்புறம் அவள் புதருக்குள் போகலாம். போய் அவனை நிறுத்திவிட்டு வருவாள்.